பித்தளைத் தகட்டுக்குக் கீழே

"அந்தப் பெயரை நம்பாதே. அது ரத்தத்தின் பெயர் இல்லை. மண்ணின் பெயர். குழந்தையைத் தனியாக விடாதே."

கார் ஸ்பீக்கரில், வாய்ஸ்மெயிலில் பதிவான அந்தக் கிழட்டுக் குரல் இங்கிலீஷில் சொல்லி முடித்தது. கடைசியில் ஒரு மூச்சுச் சத்தம். பிறகு போனை வைத்த சத்தம்.

"மேடம், இதை இன்னொரு தடவை போட்டீங்கன்னா நான் ஃப்ரீவேயில இறங்கி ஃபிரிஸ்கோவுக்கு நடந்தே போயிடுவேன்," என்றான் அச்சுதன்.

"டிரைவ் பண்றது நீ. நீ இறங்கிட்டா வண்டி?"

"வண்டியும் என்கூட வந்துடும். அதுக்கும் பயமா இருக்கு."

சாலிஹா போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். ஃபிரிஸ்கோவில் ஒரு பல் டாக்டருக்கும் ஒரு டாக்ஸ் ஆபீசுக்கும் நடுவில் அவளுக்கு ஒற்றை அறை ஆபீஸ். தொலைந்துபோன சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்துக் கொடுப்பது தொழில். வக்கீல்கள் அனுப்புவார்கள், இவள் தேடுவாள். அச்சுதன் ஒரு லே ஆஃபுக்குப் பிறகு தற்காலிகமாக வந்தவன். அவளுடைய ஆபீசில் கம்ப்யூட்டரையும் காபி மெஷினையும் கெட்டிக்காரத்தனத்தையும் அவன்தான் பார்த்துக்கொள்கிறான். கெட்டிக்காரத்தனத்துக்குத் தனியாகச் சம்பளம் கேட்காதவரை அவளுக்கும் ஆட்சேபம் இல்லை.

"குரல்காரன் பேரு கார்ல் ப்ரெக்கெ," என்றாள். "லக்சனா போன்ல இதைப் பேசி வெச்சவன். அவங்க வீட்டு வாசல்ல கறுப்பு டிரக்கை நிறுத்திட்டு மணிக்கணக்கா உட்கார்ந்திருந்தவன். அவங்க பொண்ணு அதிதி ஸ்கூல் பஸ் ஏறுறப்போ கை காட்டினவன்."

"குழந்தைக்கு நான் ரத்த உறவுன்னு வேற சொல்றான்."

"சொல்றான். எரிக்கோட குடும்பத்துல ப்ரெக்கென்னு ஒரு ஆள் இல்ல. நீதானே சர்ச் பண்ணே?"

"ஆறு தலைமுறை, மேடம். ஹௌகன், ஹௌகன், ஹௌகன். ஒரு ப்ரெக்கெ கிடையாது."

சாலிஹாவிடம் உதவி கேட்டு வந்த லக்சனா யாழ்ப்பாணத்துப் பெண். குழந்தைகள் டாக்டர். அவளுடைய கணவன் எரிக் ஹௌகன், டெக்சஸில் கிளிஃப்டன் பக்கம் நூற்றைம்பது வருஷம் முன்னால் வந்து குடியேறிய நார்வேக்காரர்களின் வழிவந்தவன். போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, பூர்வீகத்தைப் பார்த்து வருகிறேன் என்று கிளம்பினான். ஆற்றோரம் ஒரு சுண்ணாம்புப் பாறைக்குக் கீழே கிடந்தான். கால் தவறி விழுந்ததாக எழுதிவிட்டார்கள். லக்சனா மட்டும் நம்பவில்லை. உயரம் என்றாலே தலை சுற்றுகிறவர், பாறை விளிம்புக்கு ஏன் போனார் என்று கேட்டாள். கேட்ட மறுவாரம் கறுப்பு டிரக் வந்தது.

சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. எரிக்கின் பெரிய தாத்தா ஒருவர் பிள்ளையில்லாமல் செத்துப்போய், அவருடைய பண்ணை ரத்த உறவு யாரோ அவர்களுக்கு என்று நின்றது. எரிக்குக்குப் பிறகு அது எட்டு வயது அதிதிக்கு. அதிதியும் இல்லையென்றால்?

அந்தக் கேள்வியை அச்சுதன்கூட ஜோக்காகக் கேட்கவில்லை.

"அதுக்குத்தான் டேல் ஹௌகன் வீட்டுக்குப் போகச் சொன்னேன்," என்றாள் சாலிஹா. "தெரிஞ்ச மனுஷன். அதே பேரு. எரிக்கோட முப்பாட்டனும் அவரோட முப்பாட்டனும் கூடப் பிறந்தவங்க. எட்டுத் தலைமுறை வம்சாவளியை ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கார். பண்ணைக்குப் பெரிய கேட், நாலு நாய். டிரக்குக்காரன் அங்கே வரமாட்டான்."

"நாம ஏன் மேடம் இப்ப கல்லறைக்குப் போறோம்?"

"ரிப்போர்ட்டுக்கு ரெண்டு போட்டோ. நார்வேயிலருந்து முதல்ல வந்தவர் எரிக்கோட முப்பாட்டன் லார்ஸ் ஹௌகன். அவர் கல்லு போதும்."

போன் அடித்தது. லக்சனா.

"சாலிஹா அக்கா, நாங்கள் வந்து சேர்ந்திட்டம். டேல் கேட்டடியிலேயே நிண்டவர். பிள்ளைக்கு லெமனேட் குடுத்தவர்." குரலில் பல நாளுக்குப் பிறகு ஒரு இளக்கம். "இஞ்ச வந்த பிறகுதான் மூச்சு விடுறன். நீங்கள் சொன்னபடியால்தான் வந்தனான்."

"நல்லது லக்சனா. நாங்க வேலையை முடிச்சிட்டு அங்கே வர்றோம்."

"அதிதி, இந்தா போன், ஆன்ட்டியோட கதை."

"ஹாய் ஆன்ட்டி. தேர்ஸ் எ விண்ட்மில் ஹியர். இட்ஸ் ஹ்யூஜ்."

"தமிழில சொல்லு பிள்ளை."

"மம்மி, ஷி அண்டர்ஸ்டான்ட்ஸ் இங்கிலீஷ்."

லக்சனா அலுத்துக்கொண்டாள். "எல்லாம் விளங்கும் அக்கா, ஒரு சொல்லு வாயால வராது. தகப்பன் நார்வேக்காரன், அவரே பசிக்குது எண்டு தமிழில சொல்லுவார். இது சொல்லாது."

லைன் போனதும் அச்சுதன் சிரித்தான். "என் பையன் ஷ்ரேயஸும் அப்படித்தான். தமிழ்ல திட்டுவேன், இங்கிலீஷ்ல மன்னிப்பு கேப்பான். அவன் டேகேர்ல ஒரு நாள் என்ன ஆச்சு தெரியுமா? என் பேரு அச்சுதன் நஞ்சப்பன். என் சம்சாரம் பேரு அவங்கப்பா சேனாபதி பேர்ல. பையன் ஷ்ரேயஸ் அச்சுதன். ஒரே வீட்டுல மூணு பேரு, மூணு சர்நேம். கூட்டிட்டுப் போக வந்தா, நீங்க யாரு, குழந்தைக்கு என்ன சொந்தம்னு கேக்கறா. ஐடி காட்டினேன். ஐடிதான் பிரச்சினைன்னுட்டா."

சாலிஹா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. ஏனென்று அவளுக்கே தெரியவில்லை. ஏதோ ஒன்று காலில் இடறிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

*

தேவாலயம் ஊருக்கு வெளியே, மேட்டில், தனியாக நின்றது. வெள்ளைக் கல். பக்கத்தில் ஆபீஸ் அறை ஒன்று. பின்னால் கல்லறைகள். சுற்றிலும் மஞ்சளாகக் காய்ந்த புல், ஆள் நடமாட்டம் இல்லை. காற்று மட்டும் விடாமல் வீசியது.

"மேடம், சிக்னல் போச்சு."

"ரெண்டு போட்டோதானே. வா."

"கல்லறையில சிக்னல் போறதெல்லாம் படத்துல பார்த்திருக்கேன். அதுல அசிஸ்டென்ட்தான் முதல்ல போவான்."

லார்ஸின் கல் முதல் வரிசையிலேயே இருந்தது. சாலிஹா குனிந்தாள். போட்டோ எடுக்கத் தூக்கிய போன் அப்படியே நின்றது.

"அச்சு, இங்கே எல்லாக் கல்லையும் பாரு. என்ன எழுதியிருக்கு?"

"நார்வேஜியன். எனக்குச் சென்னைத் தமிழே..."

"படிக்க வேணாம். வரிகளை மட்டும் பாரு."

அச்சுதன் நடந்து பார்த்தான். "பேரு. தேதி. அப்புறம் எல்லாத்துலயும் ஒரு வரி ஒரே மாதிரி ஆரம்பிக்குது."

"அது பிறந்த இடம். நார்வேயில இன்ன பண்ணையில பிறந்தவர்னு அர்த்தம். இந்த மாதிரிக் கல்லு நிறையப் பார்த்திருக்கேன், அந்த நாலு வார்த்தை எனக்குத் தெரியும். இப்ப லார்ஸோட கல்லைப் பாரு."

லார்ஸின் கல்லில் பேர் இருந்தது, தேதி இருந்தது. மூன்றாவது வரி இருக்க வேண்டிய இடத்தில் பளபளவென்று ஒரு பித்தளைத் தகடு. 'ஹௌகன் குடும்பம். அன்புடன், டேல் ஹௌகன்.' நாலு மூலையிலும் புது ஸ்க்ரூ. கல்லில் துளை போட்ட வெள்ளைத் தூள்கூட இன்னும் புல்லில் கிடந்தது.

"பாசமான மனுஷன்," என்றான் அச்சுதன்.

"பாசத்தை மேல ஒட்டலாம். கீழே ஒட்டலாம். கல்லுல இத்தனை இடம் சும்மா கிடக்கு. எழுத்து மேல ஏன் ஒட்டணும்?"

அச்சுதன் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழட்டு."

"மேடம், இது டெக்சஸ். கல்லறையில கை வெச்சா சுடுவாங்க. கை வெக்காட்டியும் சுடுவாங்க."

"அச்சு. கழட்டு."

அவன் ஒரு க்வார்ட்டர் காசை எடுத்துத் திருகினான். புது ஸ்க்ரூ, சுலபமாக வந்தது. தகடு கழன்று அவன் கையில் விழுந்தது. அடியில் நூறு வருஷத்து எழுத்து, இரண்டு வரி.

சாலிஹா விரலால் தடவிப் படித்தாள். "பிறந்தது ப்ரெக்கெ பண்ணையில்."

"எது?"

"ப்ரெக்கெ. அடுத்த வரி, இந்தக் கல்லை நிறுத்தியவர் சகோதரன் ஊலெ."

அவள் எழுந்து பக்கத்துக் கல்லுக்குப் போனாள். அது அவர்கள் தாண்டி வந்த கல்தான். ஊலெ ப்ரெக்கெ. பிறந்தது ப்ரெக்கெ பண்ணையில்.

"யா அல்லாஹ்," என்றாள் மெதுவாக. "நான் என்ன செஞ்சு வெச்சிருக்கேன்."

"எனக்குப் புரியல மேடம். அண்ணன் தம்பி, ஒருத்தன் ஹௌகன், ஒருத்தன் ப்ரெக்கெயா?"

"என் ஊர் எது?"

"காயல்பட்டினம்."

"எங்க ஊர்ல நிக்காஹ் ஆனா பொண்ணு மாமியார் வீட்டுக்குப் போக மாட்டா. மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வருவார். எனக்கு மூணு காக்கா, அதான் அண்ணனுங்க. ஒருத்தரைக் கிணத்தடி வீட்டு மாப்பிள்ளைன்னு கூப்பிடுவாங்க. இன்னொருத்தரைச் சுண்ணாம்பு வீட்டு மாப்பிள்ளைம்பாங்க. மூணாவது காக்காவுக்கு வேற வீடு. ஊருக்குப் புதுசா வந்தவன் கேட்டா, மூணு பேரும் ஒரு உம்மா வயித்துல பிறந்தவங்கன்னு சத்தியம் பண்ணாலும் நம்ப மாட்டான். கிணத்தடி வீட்டுல இருக்கற எல்லாரும் ஒரே ரத்தம்னு நினைப்பான்."

அச்சுதனின் கை தகட்டை இறுக்கிப் பிடித்தது.

"இவங்களுக்கு ஹௌகன்ங்கறது குடும்பப் பேரு இல்ல. பண்ணையோட பேரு. விலாசம். லார்ஸ் ப்ரெக்கெயில பிறந்து, ஹௌகன் பண்ணைக்கு மாப்பிள்ளையாப் போனான். அங்கே இருந்ததால ஹௌகன். தம்பி ஊலெ இங்கே கப்பல் ஏறுறவரை பிறந்த இடத்துலயே இருந்தான், ப்ரெக்கெ. அதே ஹௌகன் பண்ணையில வேலைக்கு இருந்தவனும் ஹௌகன்தான், குத்தகைக்கு இருந்தவனும் ஹௌகன்தான். நம்ம கம்ப்யூட்டர் அந்தப் பேரை வெச்சுக்கிட்டே தேடுச்சு. நான் அதை நம்பினேன். நான், அச்சு. கிணத்தடி வீட்டு மாப்பிள்ளையோட தங்கச்சி."

"டேல் சொன்ன கதை..."

"ரெண்டு முப்பாட்டனும் ஹௌகன் வீட்டுலயே பிறந்து ஒரே தொட்டில்ல வளர்ந்தாங்கன்னார். லார்ஸ் அந்த வீட்டுல பிறக்கவே இல்ல. அப்படின்னா டேலோட முப்பாட்டன் லார்ஸுக்குக் கூடப் பிறந்தவன் இல்ல, டேலுக்கு எரிக் ஒண்ணுமே இல்ல."

"தெரியாம சொல்லியிருக்கலாம் மேடம். நாமளும்தானே ஏமாந்தோம்."

"தெரியாதவன் எதுக்கு ஸ்க்ரூ போட்டு மறைக்கிறான்?"

காற்று புல்லை ஒரு பக்கமாகச் சாய்த்தது.

"எரிக் இதைக் கண்டுபிடிச்சிருப்பான்," என்றாள் சாலிஹா. "அதனாலதான் செத்தான். இப்ப அந்தப் பிள்ளை. அந்தப் பிள்ளையும் போயிட்டா, நானும் ஹௌகன்தான்னு பண்ணையைக் கேக்கறவன்கிட்ட இல்லைன்னு சொல்ல ஆள் கிடையாது. அவங்களை நாமதான் அங்கே அனுப்பி வெச்சிருக்கோம். போனை எடு."

"சிக்னல் இல்ல."

"மேட்டுல ஏறு."

"மேடம்." அச்சுதனின் குரல் மாறியிருந்தது. "திரும்பாதீங்க. கறுப்பு டிரக்."

*

டிரக் அவர்களுடைய காருக்குப் பின்னால், வழியை மறித்து நின்றது. கதவு திறந்தது. நெட்டையாக ஒரு கிழவர் இறங்கினார். தொப்பி. டிரக்கின் பின் கண்ணாடியில் துப்பாக்கி மாட்டும் சட்டம், அதில் துப்பாக்கி.

"நான் சொன்னேன்ல," என்று முணுமுணுத்தான் அச்சுதன். "அசிஸ்டென்ட்தான் முதல்ல."

கிழவர் வந்தார். கழற்றிய இடத்தைப் பார்த்தார். அச்சுதன் கையிலிருந்த தகட்டைப் பார்த்தார். ஊலெயின் கல்லைத் தொட்டுவிட்டுப் பேசினார்.

"இவர் என் முப்பாட்டன். அந்தப் பெண் எங்கே?"

சாலிஹா அச்சுதனுக்கு முன்னால் வந்து நின்றாள். "எந்தப் பெண்?"

"ஃபிரிஸ்கோ வீடு பூட்டிக் கிடக்கிறது. காலையில் போய்ப் பார்த்தேன். அவள் வீட்டுக்கு நீங்கள் வந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். எங்கே அனுப்பினீர்கள்?"

கிழவர் அவள் முகத்திலிருந்தே படித்துக்கொண்டார். தொப்பியைக் கழற்றினார்.

"டேலிடமா?"

"மிஸ்டர் ப்ரெக்கெ," என்றாள் சாலிஹா, குரலைப் பிடித்து நிறுத்திக்கொண்டு. "அந்தக் குழந்தை இல்லையென்றால் பண்ணை உங்களுக்குத்தான் வரும். ரத்தப்படி அடுத்த ஆள் நீங்கள். உங்களை நான் ஏன் நம்ப வேண்டும்?"

"நம்ப வேண்டாம். குழந்தைக்கு ஏதாவது நடந்தால் எல்லோரும் என் டிரக்கைத்தான் நினைப்பார்கள். டேலும் அதைத்தான் எதிர்பார்க்கிறான். நான் உங்களோடு வரவில்லை. என்னைப் பார்த்தால் அவன் அவசரப்படுவான்." அவர் தன் டிரக் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். "இதை வைத்துக்கொள்ளுங்கள். இனி நான் எங்கும் போக முடியாது. தேவாலய ஆபீசில் லைன் போன் இருக்கிறது. ஷெரீஃபைக் கூப்பிடுகிறேன். நீங்கள் போங்கள். அவனிடம் எதுவும் தெரிந்த மாதிரிக் காட்டாதீர்கள்."

"டிரக் வழியில் நிற்கிறதே," என்றான் அச்சுதன்.

கிழவர் ஒரு நிமிஷம் விழித்தார். சாவியைத் திருப்பி வாங்கி, டிரக்கைப் புல்லில் ஏற்றி நிறுத்திவிட்டு, மறுபடி ஓடிவந்து சாலிஹாவிடம் கொடுத்தார்.

*

வழி நெடுகக் கூப்பிட்டும் லக்சனா போனை எடுக்கவில்லை. டேல் பண்ணையின் கேட் திறந்தே இருந்தது. நாய்கள் குரைக்கவில்லை. அதுதான் சாலிஹாவுக்கு அதிகம் பயமாக இருந்தது.

வீட்டைத் தாண்டி, மாட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அதிதி சொன்ன அந்தக் காற்றாடி. பழைய இரும்புக் கோபுரம், மூன்று மாடி உயரம், ஒரு பக்கம் ஒல்லி ஏணி. உச்சியில், சக்கரத்துக்குக் கீழே ஒரு பலகை. பலகையில் மஞ்சள் கவுன்.

"மேடம்."

"பார்த்தேன். சிரி. இறங்குறப்போ சிரிச்சுக்கிட்டே இறங்கு."

கோபுரத்தின் அடியில் டேல் நின்றிருந்தார். அறுபது வயது, சிவந்த முகம், நல்ல சிரிப்பு. ஒரு கால் ஏணியின் முதல் படியில். லக்சனா கைகளைப் பிசைந்துகொண்டு தள்ளி நின்றாள்.

"வாருங்கள், வாருங்கள்," என்றார் டேல். "எங்கள் வீட்டு வழக்கம் இது. ஹௌகன் பிள்ளைகள் எல்லோரும் மேலே ஏறித் தங்கள் நிலத்தைப் பார்க்க வேண்டும். இவள் அணில் மாதிரி ஏறிவிட்டாள். நான் போய்ப் பக்கத்தில் நின்று காட்டித் தரப்போகிறேன்."

"ரொம்ப அழகான வழக்கம்," என்றாள் சாலிஹா இங்கிலீஷில். "எரிக்கும் ஏறியிருக்கிறாரா?"

"பாவம், எரிக் இந்தப் பண்ணைக்கு வந்ததே இல்லை. கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்."

அவர் இரண்டாவது படியில் கால் வைத்தார்.

சாலிஹா லக்சனாவின் தோளில் கை போட்டாள். ஏதோ சேலை விலை விசாரிக்கிற முகத்தோடு தமிழில் பேசினாள். "லக்சனா, சிரிச்சுக்கிட்டே கேளுங்க. முகத்தை மாத்தாதீங்க. இந்த ஆள் உங்களுக்குச் சொந்தம் இல்ல. நான் தப்பு பண்ணிட்டேன். இவன் ஏறுறதுக்கு முன்னால பிள்ளை கீழே வரணும்."

லக்சனாவின் தோள் அவள் கைக்கு அடியில் கல்லானது. உதடு மட்டும் சிரித்தது. "அக்கா, என்ன சொல்லுறியள்?"

"சிரிங்க. தமிழ்ல கூப்பிடுங்க. பயத்தைக் காட்டாம கூப்பிடுங்க."

"அக்கா, அவள் தமிழில பதில் சொல்லமாட்டாள். ஏன் எண்டு இங்கிலீஷில கத்திக் கேப்பாள். எல்லாம் கேட்டிடும் இவருக்கு."

அது உண்மை. அந்தக் குழந்தைக்கு எல்லாம் புரியும். புரிந்ததை ஊருக்கே கேட்கிற மாதிரி இங்கிலீஷில் திருப்பிச் சொல்லும்.

டேல் மூன்றாவது படி. நாலாவது.

"மிஸ்டர் ஹௌகன்," என்றான் அச்சுதன் சத்தமாக. "ஒரு சந்தேகம். இந்தக் காற்றாடி இன்னும் தண்ணீர் இறைக்கிறதா, இல்லை என்னை மாதிரி சும்மா சுற்றிக்கொண்டு சம்பளம் வாங்குகிறதா?"

டேல் சிரித்துத் திரும்பினார். "இறைக்கிறது தம்பி. ஆனால் பல்சக்கரம் பழசு."

"எத்தனை பல்? எனக்கு ரூட் கெனால் பண்ணின டாக்டர் ஃபிரிஸ்கோவில் இருக்கிறார்."

"கூப்பிடுங்க," என்றாள் சாலிஹா.

லக்சனா தலையை நிமிர்த்தினாள். சோறு ஆறிப்போகும் வா என்று கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள். "அதிதி. மெதுவா இறங்கி வா பிள்ளை. இவரைத் தொடவிடாதே. ஒண்டும் கேக்காதே. சும்மா வா."

மேலே மஞ்சள் கவுன் அசைந்தது. ஒரு சின்ன முகம் விளிம்பில் எட்டிப் பார்த்தது. வாய் திறந்தது. சாலிஹா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஓம் அம்மா," என்றது குழந்தை. "விளங்குது. இறங்கிறன்."

லக்சனாவின் நகங்கள் சாலிஹாவின் கையில் பதிந்தன.

"என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார் டேல்.

"பாத்ரூம் போக வேண்டுமாம்," என்றாள் லக்சனா சிரித்தபடி. "அவசரமாம்."

அதிதி இறங்கினாள். ஒரு கை மூடியே இருந்தது. அந்தக் கையின் முழங்கையால் ஒவ்வொரு படியையும் அணைத்து அணைத்து இறங்கினாள். கீழே வருவதற்கு டேல் விலகி வழி விட்டாக வேண்டும். அவர் உடனே விலகவில்லை. ஏணியைப் பிடித்தபடி மேலே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிரித்துக்கொண்டே இறங்கி நின்றார். குழந்தை கடைசிப் படியைத் தொடாமலே குதித்து, அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டது.

"ஊரில் நல்ல பாத்ரூம் இருக்கிற கடை பார்த்தோம். போய்விட்டு வந்துவிடுகிறோம்," என்றாள் சாலிஹா.

"வீட்டிலேயே இருக்கிறதே."

"பெண் பிள்ளைகள் சமாச்சாரம், மிஸ்டர் ஹௌகன்."

நடந்தார்கள். ஓடவில்லை. ஓடாமல் இருப்பது அத்தனை கஷ்டம் என்று சாலிஹாவுக்கு அன்றுதான் தெரிந்தது. லக்சனாவும் குழந்தையும் பின் சீட்டில் ஏறினார்கள், சாலிஹா முன் சீட்டில். பூட்டு விழுந்த சத்தம் கேட்டது.

"தம்பி," என்றார் டேல் பின்னாலிருந்து. "உன் பாக்கெட்டில் என்ன?"

அச்சுதன் கையைப் பின்னால் கொண்டுபோனான். ஜீன்ஸின் பின் பாக்கெட்டிலிருந்து பித்தளை மூலை ஒன்று வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. கல்லறையிலிருந்து ஓடி வந்த அவசரத்தில் செருகியது.

அவன் அதை எடுத்தான். இரண்டு கையாலும் நீட்டினான்.

"கல்லிலிருந்து விழுந்து கிடந்தது சார். திருப்பிக் கொடுக்கத்தான் கொண்டு வந்தேன்."

டேல் வாங்கினார். ஸ்க்ரூ ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நிமிர்ந்தபோது அந்த நல்ல சிரிப்பு முகத்தில் எங்கேயும் இல்லை. அவர் பார்வை பின் சீட்டு ஜன்னலுக்குப் போனது, அங்கிருந்து வீட்டு வாசலுக்கு, வாசல் கதவோரம் சாய்த்து வைத்திருந்த நீளத் துப்பாக்கிக்கு.

"ஓட்டு," என்றாள் சாலிஹா.

அச்சுதன் எப்படி ஏறினான், எப்போது சாவியைத் திருகினான் என்று யாருக்கும் தெரியாது. சரளைக் கல் தெறித்தது. டேல் வாசலை நோக்கி ஓடுவது கண்ணாடியில் தெரிந்தது. கேட் வந்தது, கேட் போனது. லக்சனா மகளைச் சீட்டுக்குக் கீழே அமுக்கி மேலே கவிழ்ந்திருந்தாள். ஏதோ வெடித்தது. அவர்கள் டயரா, துப்பாக்கியா என்று பார்க்க யாரும் திரும்பவில்லை. கார் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

மெயின் ரோட்டில் திரும்பும்போது எதிரே ஷெரீஃப் கார் ஒன்று விளக்குச் சுழல, சைரனோடு பண்ணைப் பக்கம் பறந்தது. தூரத்தில் இன்னொன்று வந்துகொண்டிருந்தது.

"நிறுத்து அச்சு. இதை மறிக்கணும். துப்பாக்கி இருக்குன்னு சொல்லணும்."

கார் ஓரத்தில் நின்றது. சாலிஹா கதவில் கை வைத்தாள். அப்போதுதான் பின் சீட்டில் லக்சனாவின் குரல் கேட்டது.

"கையைத் திற பிள்ளை. என்ன வைச்சிருக்கிறாய்?"

அதிதி மூடிய கையைத் திறந்தாள். விரல்கள் வெளுத்திருந்தன. உள்ளங்கையில் அறுந்துபோன ஒரு ரப்பர் கயிறு, அதில் பிளாஸ்டிக் மணிகள். சிவப்பு, நீலம், நடுவில் நாலு இங்கிலீஷ் எழுத்து மணி. சேர்த்துப் படித்தால் அப்பா.

லக்சனா சத்தமில்லாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தச் சனிக்கிழமை காலை, கார் சாவியை எடுத்த அப்பாவின் கையைப் பிடித்து நிறுத்தி, அதிதியே செய்து கட்டிவிட்ட வளையல் அது. பாறைக்குக் கீழே கிடந்த எரிக்கின் கையில் அது இல்லை.

"மேல, பலகை இடுக்குக்க செருகிக் கிடந்தது," என்றாள் அதிதி.

எரிக் பண்ணைக்கு வந்ததே இல்லை என்று டேல் சொன்னது சாலிஹாவின் காதில் மறுபடி கேட்டது. எரிக் அந்தப் பலகை வரை ஏறியிருக்கிறான். அவள் கையை நீட்டினாள். குழந்தை அம்மாவைப் பார்த்தது. அம்மா தலையசைத்த பிறகு, வளையலை அவள் உள்ளங்கையில் வைத்தது.

"அதாலதானா பிள்ளை," என்றாள் லக்சனா, வார்த்தைகளைத் தேடித் தேடி. "அதாலதானா தமிழில பதில் சொன்னனி?"

அதிதி கண்ணாடி வழியாகப் பின்னால் தெரிந்த காற்றாடியைப் பார்த்தாள். அது நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஹி வாஸ் லிஸனிங், மம்மி."